கோழிக்கூட்டைச் சுற்றும் எலிகள்: மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கிராமத்து வீடுகளின் புறக்கடையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகள் வளர்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பாக இருந்து வருகிறது. முட்டை விற்ற காசும், பண்டிகைக்கு முன் சேவல் விற்ற காசும் அவர்களுடைய கைச்செலவுக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் உதவுகின்றன. இந்தச் சிறு வருவாயை இரவோடு இரவாக அரித்துவிடுவது எலி. 12 முட்டைகளை அடை வைத்து, 21 நாட்கள் காத்திருந்து, பத்துக் குஞ்சுகள் பொரித்தன என்று மகிழ்ந்திருக்கும்போதே ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தால் ஏழு குஞ்சுகள்தான் இருக்கும். அடுத்த நாள் ஐந்து. பருந்து பகலில் வந்து தூக்குவதைக் கண்ணால் காணலாம், விரட்டவும் செய்யலாம். இரவில் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை.

குஞ்சுகள் குறைந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, கடைக்குச் சென்று எலி மருந்து வாங்கி வந்து கூட்டைச் சுற்றி வைப்பதாகும். கோழி கிளறி மேயும் இடமும் அதுதான், குழந்தை தவழும் இடமும் அதுதான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக இது முடிந்துவிடக் கூடும். கோழிக்கூட்டு எலிகளை ஒழிப்பதில் ஒரு வரிசை முறை உண்டு. முதலில் தீனி, அடுத்து மறைவிடம், பிறகு ஓட்டைகள், அதன் பின் பொறி. இவை நான்கும் முடிந்த பிறகும் எலி மிஞ்சியிருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எலி வருவது தீனிக்காக

எலி முதலில் கோழியைத் தேடி வருவதில்லை. கூட்டைச் சுற்றிச் சிந்திக் கிடக்கும் கம்பு, சோளம், நொய்யரிசி, தவிடு, சோற்றுப் பருக்கை ஆகியவற்றைத் தேடியே வருகிறது. தினமும் அந்த இடத்தில் தீனி கிடைப்பது உறுதியானதும் பக்கத்திலேயே வளை தோண்டிக் குடியேறுகிறது. குடியேறிய பிறகுதான் முட்டையின் மீதும் குஞ்சின் மீதும் கை வைக்கிறது.

கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிக்க 21 நாட்கள் ஆகின்றன. எலி சினைப்பட்டுக் குட்டி போடவும் ஏறத்தாழ 21 முதல் 23 நாட்களே ஆகின்றன. ஓர் ஈற்றுக்கு 5 முதல் 10 குட்டிகள் வரை போடும். குட்டி போட்ட ஓரிரு நாட்களிலேயே தாய் எலி மறுபடியும் சினைப்பட்டுவிடக் கூடும். தாய்க்கோழி தன் குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும் நாளுக்குள் அதே எலி இரண்டாம் ஈற்றையும் போட்டு முடித்திருக்கும். முதல் ஈற்றுக் குட்டிகள் ஏறக்குறைய மூன்று மாதங்களில் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். இவ்வளவும் நடப்பதற்கு வேண்டியது தடையில்லாத தீனி ஒன்றுதான். தீனி குறைந்தால் ஈற்றும் குறையும், எலிகள் வேறிடம் தேடியும் போகும். இரண்டு எலிகளைக் கொன்றுவிட்டுத் தீனியை அப்படியே விட்டு வைத்தால், அந்த இடத்தை நிரப்ப வேறு இரண்டு எலிகள் விரைவில் வந்து சேரும்.

தீனி இழப்பையும் கணக்குப் பார்க்க வேண்டும். வளர்ந்த எலி ஒன்று ஒரு நாளில் சுமார் 25 கிராம் தானியம் தின்னும் என்று கொள்ளலாம். பத்து எலிகள் இருந்தால் நாளொன்றுக்குக் கால் கிலோ, மாதத்திற்கு ஏழரைக் கிலோ. கூட்டிலேயே அடைத்து வைத்து முழுத் தீனி போட்டு வளர்க்கும் இரண்டு கோழிகளுக்கு அந்தத் தீனி போதும். எலி தின்பதைக் காட்டிலும் புழுக்கையும் சிறுநீரும் கலந்து கெடுப்பது அதிகம் என்பதை இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த எலி என்று அறிதல்

கோழிக்கூட்டுக்கு வரும் எலிகள் எல்லாம் ஒரே வகையல்ல. பெருச்சாளி அரைக் கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். சுவர் ஓரத்திலும் கூட்டின் அடியிலும் பெரிய வளை தோண்டி, வாயில் மண்ணைக் குவித்து வைத்திருக்கும். வயல் வரப்புகளில் வாழும் வரப்பெலியும் இவ்வாறே மண்ணுக்கு அடியிலிருந்து வரும். வீட்டெலி உடல் மெலிந்து, உடலைவிட வால் நீண்டு காணப்படும். இது நன்றாக ஏறக்கூடியது. கீற்றுக் கூரையிலும், ஓட்டின் அடியிலும், தென்னை மரத்திலும் தங்கி மேலிருந்து இறங்கி வரும். சுண்டெலி குஞ்சுகளைக் கொல்வதில்லை என்றாலும் தீனியைத் தின்று கெடுக்கும்.

ஆகவே, கூட்டின் அடியில் மண் குவியல் இருந்தால் கீழ்ப்பக்கத்தைக் காக்க வேண்டும். கூரையிலும் சட்டங்களிலும் புழுக்கை கிடந்தால் மேல்பக்கத்தைக் காக்க வேண்டும். பல வீடுகளில் இரண்டையுமே காக்க வேண்டியிருக்கும். நீண்ட மூக்கும் கடுமையான நாற்றமும் உடைய மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததல்ல. அது பெரும்பாலும் கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்று வாழ்வது. அதை எலி என்று எண்ணி அடிக்க வேண்டியதில்லை.

காணாமற்போன குஞ்சுக்கெல்லாம் எலியே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. முட்டை ஓடுகூட இல்லாமல் முழுதாக மறைந்தால் பாம்பையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே இரவில் பெரிய கோழிகளே கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் கீரி, மரநாய் போன்றவற்றின் வேலையாக இருக்கலாம். எலியானால் குஞ்சை வளைக்கோ இடுக்குக்கோ இழுத்துச் சென்றிருக்கும். வளை வாயில் இறகும், கடித்த முட்டை ஓடும், கூட்டுப் பலகையில் பற்குறியும், சுவர் ஓரமாக எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த தடமும் காணப்படும்.

ஐயம் தீர ஓர் எளிய வழி உண்டு. மாலையில் கூட்டைச் சுற்றியுள்ள எல்லா வளைகளையும் ஈரமண்ணால் அடைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் திறந்திருக்கும் வளைகளே எலி வாழும் உயிர் வளைகள். அவற்றின் அருகில் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் பின்னர் பொறி வைப்பதற்கும் உதவும்.

இரவில் தீனி இருக்கலாகாது

எலி ஒழிப்பில் செலவில்லாததும் அதிகப் பலன் தருவதும் இந்த ஒரு மாற்றமே. காலையிலும் பிற்பகலிலும், கோழிகள் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு தீனியை மட்டுமே போட வேண்டும். மண்ணில் வாரி இறைக்காமல் தட்டிலோ, கோழியின் முதுகு உயரத்தில் தொங்கவிட்ட தீனிக் குவளையிலோ வைத்தால் சிந்துவது குறையும். பொழுது சாய்வதற்குள் மிச்சத் தீனியை எடுத்துவிட்டு, சிந்தியதைக் கூட்டிப் பெருக்கிவிட வேண்டும். வீட்டில் மிஞ்சிய சோற்றை இரவில் கூட்டருகே கொட்டும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அது எலிக்கு வைக்கும் விருந்தாகும். அதைக் காலையில் கொட்டினால் கோழிகள் தின்னும்.

கோழிகள் இரவில் தண்ணீர் குடிப்பதில்லை. எனவே தண்ணீர்த் தட்டையும் இரவில் கவிழ்த்து வைத்துவிடலாம். கோடைக் காலத்தில் தண்ணீரைத் தேடியே எலிகள் கூட்டுக்கு வருவதுண்டு. முட்டைகளை மாலைக்குள் எடுத்துவிட வேண்டும். தீனியைச் சாக்கில் வைத்தால் ஒரே இரவில் ஓட்டை விழும். மூடி இறுக்கமாக அமையும் தகர டின்னில் வைப்பதே பாதுகாப்பு.

மறைவிடங்களை அகற்றுதல்

எலி திறந்த வெளியில் நடமாட அஞ்சும். சுவர் ஓரமாகவும், பொருள்களின் அடியிலும் ஒளிந்து செல்லும். கோழிக்கூட்டின் பின்புறத்தில் விறகு அடுக்கு, வரட்டிக் குவியல், பழைய ஓடு, கிழிந்த சாக்கு, தென்னை மட்டை ஆகியவை கிடந்தால் எலிக்கு அதைவிட நல்ல வீடு வேண்டியதில்லை. கூட்டைச் சுற்றிலும் 10 அடிக்குப் புல்லும் புதரும் இல்லாமல் செதுக்கி வைக்க வேண்டும். விறகைக் கல்லின் மேல் பலகையிட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்கலாம். வைக்கோல் போரும் உரக்குழியும் கூட்டை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு நல்லது.

எலி அதிகமுள்ள இடத்திற்குச் சாரைப்பாம்பும் வரும், நல்லபாம்பும் வரும். சாரைப்பாம்பு விஷமற்றது, எலியைப் பிடித்து உழவர்களுக்கு நன்மை செய்வது. நல்லபாம்பு அப்படியல்ல. அதிகாலை இருட்டில் கூட்டைத் திறக்கக் கை நீட்டுபவர்களுக்கு இதுவும் ஓர் ஆபத்து. டார்ச் விளக்கு இல்லாமல் கூட்டுக்குள் கை விடக் கூடாது.

கூட்டை எலி புகாதபடி அமைத்தல்

வளர்ந்த எலி, அரை அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட இடைவெளி கிடைத்தால் உடலை நெளித்து நுழைந்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலம் போதும். கடைகளில் கோழி வலை என்று விற்கப்படும் மெல்லிய, அறுகோணக் கண்ணுள்ள கம்பிவலையில் எலிக்குட்டிகள் எளிதில் நுழைகின்றன. பெரிய எலி அதைக் கடித்தும் கிழிக்கும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆகவே எதையேனும் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மரம், பிளாஸ்டிக், மண்சுவர் இவையெல்லாம் அதற்குத் தடையாவதில்லை. அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, கனமான வெல்டு மெஷ் கம்பிவலையைப் பயன்படுத்த வேண்டும். சுண்டெலித் தொல்லையும் இருந்தால் கால் அங்குலக் கண் வலை வேண்டும்.

தரையில் அமைந்த கூடானால், இந்த வலையைச் சுற்றிலும் ஓர் அடி ஆழத்திற்குப் புதைத்து, அடியில் வெளிப்புறமாக இன்னும் ஓர் அடி மடித்துவிட வேண்டும். எலி சுவரை ஒட்டியே தோண்டும். வலை குறுக்கிட்டால், ஓர் அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று பெரும்பாலும் முயல்வதில்லை. அல்லது தரையை நன்றாகத் திமிசு போட்டு இடித்து, மேலே 3 அங்குலக் கனத்துக்குச் சிமெண்ட் கலவை போடலாம்.

புதிதாகக் கூடு கட்டுவோர், கால் வைத்து உயர்த்திக் கட்டுவது நல்லது. எலி நின்ற இடத்திலிருந்து இரண்டு அடிக்கு மேலும் தாவக் கூடியது. ஆகவே கூட்டின் தளம் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். நான்கு கால்களிலும் வழவழப்பான தகரத்தைக் கூம்பு போல் கவிழ்த்து அடித்துவிட்டால் எலியால் ஏற முடியாது. சுவர், வேலி, மரக்கிளை, கொடிக்கயிறு எதுவும் கூட்டுக்கு 4 அடிக்குள் இருக்கக் கூடாது. கூட்டின் மேல் கீற்று வேய்ந்திருந்தால் கீற்றுக்கு அடியில் கம்பிவலை அடிக்க வேண்டும். கோழி ஏறுவதற்கு வைத்த ஏணிப் பலகையை இரவில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டால் செய்தது வீண். கதவின் கீழ்ப்பகுதியில் தகரம் அடித்து இடைவெளியை மறைக்க வேண்டும்.

அடைக்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் தனிக் காவல்

புதிய கூடு கட்ட வசதியில்லாதவர்கள் அடைக்கோழியையும் இளங்குஞ்சுகளையும் மட்டுமாவது காக்கலாம். எலியிடம் அதிகம் பறிபோவது பொரித்த முதல் சில வாரக் குஞ்சுகளே. இருட்டில் கோழிக்குப் பார்வை சரியாகத் தெரியாது. தன் சிறகுக்கு அடியிலிருந்து குஞ்சை எலி இழுத்துச் சென்றாலும் அதனால் எதிர்த்துப் போராட முடிவதில்லை.

தாயையும் குஞ்சுகளையும் கவிழ்க்கும் பஞ்சாரத்தின் மூங்கில் இடைவெளிகள் எலிக்குத் தாராளமானவை. பஞ்சாரத்தின் வெளிப்புறம் முழுவதும் கம்பிவலையைச் சுற்றிக் கட்டி, மேல் வாயையும் வலையால் மூட வேண்டும். அதை மண் தரையில் வைக்காமல் கடப்பைக்கல் அல்லது சிமெண்ட் தளத்தின் மேல் விளிம்பு பதியும்படி வைத்து, மேலே கனமான கல்லை ஏற்றிவிட்டால் இரவு கவலையின்றிக் கழியும். அடை வைக்கும் கூடையையும் வீட்டு மூலையில் தரையில் வைக்காமல், இதே முறையில் காக்கலாம். எலி நடமாட்டத்தால் மிரண்டு அடைக்கோழி எழுந்துவிட்டால் முட்டைகள் குளிர்ந்து, கருவும் கெடும்.

பொறி வைக்கும் முறை

தீனியும் மறைவிடமும் ஓட்டையும் அடைபட்ட பிறகு பொறி வைத்தால்தான் பசித்த எலி பொறியை நாடும். கூண்டுப் பொறி, அடிப்பொறி, தஞ்சை மாவட்ட வயல்களில் மூங்கிலால் செய்து வைக்கப்படும் தஞ்சாவூர் கிட்டி ஆகிய மூன்றும் பயன்படக்கூடியவை. இருளர்கள் வளை வெட்டி எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் உள்ள பகுதிகளில் அவர்களைக் கொண்டு வளைகளை வெட்டுவதே விரைவான வழி.

எலி புதுப்பொருளைக் கண்டால் சந்தேகப்படும். ஆகவே முதல் 2, 3 இரவுகள் பொறியை விசை ஏற்றாமல், கருவாடோ தேங்காய்ச் சில்லோ வடைத் துண்டோ வைத்துத் தின்னப் பழக்க வேண்டும். பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் விசை ஏற்ற வேண்டும். ஒரு பொறியைப் பத்து நாட்கள் வைப்பதைக் காட்டிலும், ஐந்தாறு பொறிகளை இரண்டு நாட்கள் வைப்பது பலன் தரும். பொறியைச் சுவர் ஓரத்தில், எலித் தடத்திற்குக் குறுக்காக, இரை வைத்த முனை சுவரைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். கோழிகளை அடைத்த பின்னரே வைத்து, திறப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். பிடிபட்ட எலியை உயிருடன் அடுத்தவர் வயலில் விட்டு வருவது எலியை ஒழிப்பது ஆகாது. அதை ஒரே அடியில் துன்பமின்றிக் கொல்ல வேண்டும்.

மருந்து கடைசியாகத்தான்

மேற்கண்டவற்றைச் செய்த பிறகும் எலி மிஞ்சினால், வயலில் உபயோகிக்கும் சிங்க் பாஸ்பைடு மருந்தை வீட்டருகே கொண்டு வரக் கூடாது. அது கலந்த சில தானிய மணிகளே கோழியைக் கொல்லப் போதுமானவை. அதற்கு முறிவு மருந்தும் இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் அப்படியே. ஈரம் பட்டதும் நச்சு வாயுவாக மாறும் அம்மருந்து, குடியிருக்கும் வீட்டிலோ கூட்டிலோ வைக்கத் தக்கதல்ல. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. அதை உண்டவருக்கு முதல் ஓரிரு நாட்கள் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். எங்கேனும் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரு குழந்தைகள் இறந்ததைப் பலரும் படித்திருப்பர்.

அவசியமானால் 0.005 சதவீத புரோமடயலோன் கட்டிகளை மட்டும் பயன்படுத்தலாம். இதைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாட்கள் கழித்து இரத்தக் கசிவால் இறக்கும். ஆகவே மற்ற எலிகளுக்குச் சந்தேகம் எழுவதில்லை. கட்டியை உயிர் வளைக்குள் குச்சியால் ஆழமாகத் தள்ளி, வாயை மண்ணால் லேசாக மூடலாம். அல்லது எலி மட்டும் நுழையக்கூடிய குழாய்த் துண்டின் நடுவில் கம்பியால் கட்டி வைக்கலாம். எக்காரணம் கொண்டும் திறந்த தரையில் வைக்கக் கூடாது. மருந்து வைத்த பத்து நாட்களுக்குக் காலையில் கோழியைத் திறந்துவிடும் முன், செத்த எலிகளைத் தேடி எடுத்துப் புதைக்க வேண்டும். கோழியோ, பூனையோ, நாயோ அவற்றைத் தின்றால் அவையும் நஞ்சுக்கு ஆளாகும். எலி பிடித்து உதவும் ஆந்தையும் இவ்வாறே மடிகிறது. மருந்தைத் தின்றதாகச் சந்தேகப்படும் கோழியின் இறைச்சியையோ முட்டையையோ உண்ணவும் கூடாது, விற்கவும் கூடாது.

குழந்தை எலி மருந்தைத் தொட்டு வாயில் வைத்ததாகத் தெரிந்தால், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்துப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் சென்றால் எந்த நஞ்சு என்று மருத்துவர் உடனே அறிவார். புரோமடயலோனுக்கு வைட்டமின் கே-1 முறிவு மருந்தாக உள்ளது. எலிக்காக மின்கம்பி இழுப்பது மனித உயிரைப் பறிக்கும் செயல், சட்டப்படி குற்றமும் ஆகும்.

மனிதருக்கு வரும் நோய்

எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலும் தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி வாழும். காலில் உள்ள சிறு வெடிப்பு, புண் வழியாகவும் அது உடலுக்குள் புகும். மழைக்காலத்தில் வெறுங்காலுடன் கூட்டைச் சுத்தம் செய்பவர்கள் இதற்கு ஆளாகக் கூடும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை ஆகியவை கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டி, எலி நடமாட்டம் உள்ள இடத்தில் வேலை செய்ததையும் சொல்ல வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் எடுக்காமல், கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமியை எலிகள் கோழித் தீனிக்கும் முட்டைக்கும் கொண்டு சேர்க்கின்றன. எலி புழுக்கை பட்ட முட்டையை அரைவேக்காட்டில் உண்ணக் கூடாது.

காலமும் கூட்டு முயற்சியும்

காவிரிப் பாசனப் பகுதியில் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் தீனி தேடி ஊருக்குள் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் வளைகளில் தண்ணீர் புகும்போதும் மேட்டிலுள்ள வீடுகளை நாடுகின்றன. இந்த இரண்டு வேளைகளுக்கும் ஒரு மாதம் முன்பாகவே கூட்டின் ஓட்டைகளை அடைத்து, சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்துவிட வேண்டும். எலி குடியேறிய பிறகு விரட்டுவதற்கு ஆகும் உழைப்பில் கால் பங்குகூட இதற்கு ஆகாது.

ஒரு வீட்டில் மட்டும் எலியை ஒழித்தால் அடுத்த வீட்டு எலி அங்கே வந்து குடியேறும். தெருவிலுள்ள கோழி வளர்க்கும் வீடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் வளை அடைத்து, ஒரே இரவில் பொறி வைத்தால் பலன் நீடிக்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உள்ள ஊர்களில் ஐந்தாறு பொறிகளைப் பொதுவில் வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம். கூடு அமைப்பது பற்றியும் குஞ்சுகளின் உடல்நலம் பற்றியும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் கேட்டு அறியலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாதவர்கள், இன்று மாலையே கூட்டடியில் சிந்திய தீனியைக் கூட்டி அள்ளிவிட்டு, தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்துவிட்டு, வளைகளை ஈரமண்ணால் அடைத்து வைக்கலாம். எத்தனை வளைகள் திறந்திருக்கின்றன என்பதை நாளைக் காலையில் பார்த்து, மேற்கொண்டு செய்ய வேண்டியதை முடிவு செய்துகொள்ளலாம்.